எஞ்சினுக்கு அடியில் ஒரு சிவப்பு விளக்கு

போன வாரம் எங்கள் ஊர் வழியாக ரோடு போட வந்திருந்த ரோலரைப் பார்க்கப் போனேன். ரோலர் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவனால் ரோலர் சத்தம் கேட்டால் வீட்டில் உட்கார முடியாது. அது ஒரு வியாதி என்கிறாள் என் மனைவி. இருக்கட்டும், செலவில்லாத வியாதிதான்.

வந்திருந்தது டீசல் வண்டி. கரி அள்ளிப் போட வேண்டாம், நீராவி ஏறும்வரை காத்திருக்க வேண்டாம், கூடவே தண்ணீர் வண்டியும் வேண்டாம். பின்னால் மின்சார விளக்கு. ஒரு விசையைத் தட்டினால் சிவப்பாக எரிகிறது. டிரைவர் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர், முப்பது வயதிருக்கும், நல்ல மனுஷன். நான் பழைய ஆள் என்று தெரிந்ததும் டீ வாங்கிக் கொடுத்தார். இலாகாவின் விதிப் புத்தகத்தை எடுத்து வந்து ஒரு பக்கத்தைப் புரட்டிச் சிரித்தார்.

"ஏனுங்கய்யா, இதக் கேளுங்க. 'எச்சரிக்கை விளக்கை எக்காரணம் கொண்டும் வண்டியின் அடியில் மாட்டக் கூடாது.' யாருங்க போயி வண்டிக்கு அடியில வெளக்கு மாட்டுவாங்க? எழுதறவங்களுக்கு வேற வேலையே இல்லீங்களாட்ட இருக்குது."

நான் டீயை ஊதி ஊதிக் குடித்தேன். டீ அவ்வளவு சூடாக இல்லை. அவருக்குப் பதில் சொல்லாமல் வீடு வந்து சேர்ந்துவிட்டேன். அந்தப் பதில் கொஞ்சம் நீளமானது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் நாச்சிமுத்து. ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் காவிரித் தண்ணீர் பாயும் வயல் உண்டு. வயலை விட்டுவிட்டு எஞ்சினுக்குக் கரி அள்ளப் போனேன். மேட்டூரில் அணை வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. மோட்டார் லாரிகள் அப்போதுதான் ரோட்டுக்கு வந்திருந்தன. அவை போன இடமெல்லாம் ரோடு பெயர்ந்து கிடக்கும், ரோலருக்கு ஓய்வே கிடையாது. என் அப்பா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. நாலாம் மாதம் வாயைத் திறந்து, "அந்த இரும்பு எருமைக்கு என்னடா தீனி?" என்று மட்டும் கேட்டார்.

நீராவி ரோலரின் டிரைவர் சவரிமுத்து அண்ணன். சேலத்துக்காரர், கோயில் மணி அடித்தால் எஞ்சின் மேலிருந்தே சிலுவை போட்டுக்கொள்வார். கரி போடுவது, தண்ணீர் மட்டம் பார்ப்பது, நீராவியைப் பிடிப்பது, விடுவது எல்லாம் அவரிடம்தான் படித்தேன். ஐந்து வருஷப் படிப்பு. அதில் பாதி திட்டு.

எஞ்சினை ஓட்டுவது சிரமமான வேலை அல்ல. அது மனிதன் நடக்கிற வேகத்தில்தான் போகும். மற்றவர்கள் அதில் வந்து மோதாமல் பார்த்துக்கொள்வதுதான் சிரமம். பகலில் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று நூறு கஜத் தூரத்தில் சிவப்புக் கொடியோடு நிற்க வேண்டும். மாட்டு வண்டியோ குதிரை வண்டியோ வந்தால் எஞ்சினை நிறுத்தி நீராவிச் சத்தத்தை அடக்க வேண்டும். மாடு மிரளாமல் கடந்து போன பிறகுதான் மறுபடி கிளம்பலாம். ஒருமுறை எங்கள் கொடிகள் இரண்டும் வெயிலில் வெளுத்து ரோஜாப்பூ நிறமாகிவிட்டன. ஓவர்சியர் அதைப் பார்த்து, "இது நிறுத்துற கொடியா, கல்யாணத்துக்குக் கூப்பிடுற கொடியா?" என்று கேட்டார். அன்று சாயங்காலமே அம்மாபேட்டைக்குப் போய், தெரிந்த நெசவுக்காரர் வீட்டில் சாயத் தொட்டியில் முக்கி எடுத்து வந்தேன். ஒரு மாதம் என் விரல்களும் சிவப்பாகவே இருந்தன.

பொழுது சாய்ந்தால் ரோலரை எந்த இடத்தில் வேலை முடிந்ததோ அந்த இடத்திலேயே ரோட்டோரம் நிறுத்திவிடுவோம். ஊருக்கு ஓட்டிப்போய் மறுநாள் திரும்ப ஓட்டி வந்தால் அதற்கே பாதி நாள் போய்விடும். நிறுத்திய ரோலருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு சிவப்பு விளக்கு. சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பே ஏற்றிவிட வேண்டும். ஏற்றுவதற்கு முன் கண்ணாடியைச் சாம்பலால் துலக்கி, பழைய வேட்டித் துணியால் துடைக்க வேண்டும். திரியின் கருகிய நுனியை நேராக வெட்ட வேண்டும். கோணலாக வெட்டினால் சுடர் ஒரு பக்கம் நாக்கு நீட்டி, கண்ணாடியில் கரி பிடிக்கும். ரோலரின் கூரையைத் தாங்கும் பின்தூண்களில் வலது பக்கத் தூணில், ஆள் தலை உயரத்தில் ஒரு கொக்கி இருந்தது. பின் விளக்கை அதில்தான் மாட்டுவோம். ஏன் அங்கே என்று நான் கேட்டதில்லை, சவரிமுத்து அண்ணனும் சொன்னதில்லை.

ஓவர்சியர் வேதாசலம் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோட்டும் தலைப்பாகையுமாகச் சைக்கிளில் வருவார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. விளக்கு ஏற்றும் நேரத்துக்குச் சரியாக வந்து நிற்பார், ஆனால் விளக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். எங்களுக்கு முதுகைக் காட்டி ரோட்டில் நூறு அடி எண்ணி நடப்பார். அங்கே சட்டென்று திரும்பி நின்று பார்ப்பார். பிறகு உட்கார்ந்து பார்ப்பார். திரும்பி வந்து, "தெரியுது" என்பார், அல்லது, "தெரியல" என்பார். அவ்வளவுதான்.

ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டேன். "கிட்ட நின்னு பாத்தாத்தான ஐயா கண்ணாடி சுத்தமா இருக்குதான்னு தெரியும்?"

"கண்ணாடி சுத்தமா இருக்கான்னு நீ பாரு. அது உன் வேலை. வர்றவன் கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு நான் பாக்கறேன்" என்றார்.

அந்தப் பதில் அன்று எனக்குப் பெரிதாகப் படவில்லை.

ஆறாவது வருஷம் ஆடி மாதம். மல்லூருக்குக் கொஞ்சம் முன்னால் வேலை நடந்தது. மாதா திருநாளுக்காகச் சவரிமுத்து அண்ணன் பத்து நாள் லீவில் சேலம் போனார். எஞ்சின் என் பொறுப்பு. இந்தப் பத்து நாளையும் ஒழுங்காகக் கடந்தால் என்னை டிரைவராக எடுத்துக்கொள்வதாக ஓவர்சியர் சொல்லியிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எஞ்சினின் பித்தளையை எல்லாம் முகம் தெரியும்படி தேய்த்து வைத்தேன்.

எங்கள் பக்கத்து ஆடிக்காற்றைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொக்கியில் மாட்டிய விளக்கு ஊஞ்சலாடித் தூணில் போய் மோதியது. மூன்றாம் நாள் சிவப்புக் கண்ணாடி உடைந்தது. மாற்றுக் கண்ணாடி ஒன்றே ஒன்றுதான் கையில் இருந்தது. அதுவும் உடைந்தால் சேலத்திலிருந்து வர ஒரு வாரம் ஆகும். விளக்கில்லாமல் எஞ்சினை நிறுத்தினால் என் டிரைவர் வேலை போச்சு.

யோசித்தேன். எங்கள் ஊரில் மாட்டு வண்டிக்கு விளக்கு எங்கே இருக்கும்? அச்சுக்கு அடியில் தொங்கும். காற்றடித்தாலும் மழை பெய்தாலும் அது அணையாது. பிறந்ததிலிருந்து அதைப் பார்த்திருக்கிறேன். ரோலரின் இரண்டு பின் சக்கரங்களும் ஆள் உயரம், இரண்டு சுவர் மாதிரி. நடுவில் காற்றே புகாது. அங்கே கம்பியில் விளக்கை மாட்டினேன். சுடர் அசையவில்லை. நானாக ஒரு வித்தை கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு பக்கத்துப் புளியமரத்தடியில் படுத்துத் தூங்கினேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்ப்பேட்டைச் சந்தைக்கு ராசிபுரம் பக்கத்து வண்டிகள் விடியுமுன்பே வரும். ஒன்றன்பின் ஒன்றாக வரும் வண்டிகளில் முதல் வண்டிக்காரர் மட்டும்தான் விழித்திருப்பார். மற்றவர்கள் கயிற்றைத் தளர்த்திவிட்டுத் தூங்குவார்கள். முன் வண்டியின் அச்சுக்கு அடியில் ஆடுகிற விளக்கைப் பார்த்துக்கொண்டே பின் வண்டி மாடுகள் நடக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? நானே எங்கள் அப்பாவின் பின் வண்டியில் எத்தனையோ முறை தூங்கிப் போனவன். ஆனாலும் எஞ்சினில் ஏறிய பிறகு நான் வண்டிக்காரன் மகன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

கோழி கூவும் நேரத்தில் மரம் முறிகிற சத்தம் கேட்டு எழுந்தேன். முதல் வண்டி ரோலரை விட்டு ஒதுங்கிக் கடந்து போயிருந்தது. இரண்டாம் வண்டி மாடுகள் அதன் விளக்கை விட்டுவிட்டு, பக்கத்தில் பளிச்சென்று தெரிந்த என் விளக்கை நோக்கித் திரும்பிவிட்டன. மாட்டுக்குச் சிவப்பு என்ன, வெள்ளை என்ன? ரோலருக்குப் பின்னால் ஜல்லி குவித்திருந்தது. இடது பக்கத்து மாட்டின் முன்கால் அந்தக் குவியலில் சிக்கி ஒடிந்துவிட்டது. நுகத்தைத் தாங்கும் ஏர்க்கால் மரம் ரோலர் சக்கரத்தில் முட்டி முறிந்திருந்தது. வலது பக்கத்துச் சாம்பல் நிற மயிலை மாடு மட்டும், ஊர் வந்து சேர்ந்துவிட்ட மாதிரி, என் விளக்கைப் பார்த்துக்கொண்டு அமைதியாக நின்றது. அந்த மாட்டின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

வண்டிக்காரர் பெயர் மாரப்பன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஊரார் சரக்கைச் சந்தைக்கு ஏற்றிப் போய்ப் பிழைக்கிறவர். அந்த ஒரு வண்டியும் ஒரு சோடி மாடும்தான் அவருக்குச் சொத்து. அவர் கீழே விழுந்த மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் செய்த முதல் காரியத்தை மறைக்காமல் சொல்கிறேன். ரோலருக்கு அடியில் குனிந்து விளக்கைக் கழற்றி, கொக்கியில் மாட்டினேன்.

விடிந்ததும் ஆள் அனுப்பினேன். ஒன்பது மணிக்கு ஓவர்சியர் வந்தார். முதலில் மாரப்பனைக் கேட்டார்.

"நாந் தூங்கிப் போட்டனுங்க சாமி. தப்பு என்ரதுதானுங்க. அவிய வெளக்கு எரிஞ்சுட்டுத்தானுங்க இருந்துச்சு" என்றார் மாரப்பன்.

என்னைக் கேட்டார். "விளக்கு விடியறவரைக்கும் எரிஞ்சுதுங்க ஐயா" என்றேன். அது உண்மை. அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

ஓவர்சியர் விதித்தாளைப் பிரித்துப் படித்தார். பின்புறம் ஒரு சிவப்பு விளக்கு இருக்க வேண்டும் என்று இருந்தது. எங்கே, எந்த உயரத்தில் என்று ஒரு வார்த்தை இல்லை. "கயித்தை விட்டுட்டுத் தூங்கினது சட்டப்படி இவர் குத்தம். காகிதத்துல உன் மேல ஒண்ணும் இல்ல, நாச்சிமுத்து" என்றார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு அவர் ரோலரைச் சுற்றி நடந்தார். பின்பக்கம் குனிந்து, சக்கரங்களுக்கு நடுவே தொங்கிய கம்பியைச் சற்று நேரம் பார்த்தார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "முன்னால போன வண்டியும், இவருக்குப் பின்னால வந்த வண்டியும் பொழுது சாயறவரைக்கும் இங்கயே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

பொழுது சாய்ந்து இருட்டு கட்டியதும் வண்டிகளைப் பூட்டச் சொன்னார். முதல் வண்டி முன்னால், விளக்கோடு. மாரப்பனுக்குப் பின்னால் வந்த வண்டியில் வைக்கோல் பரப்பி, கோட்டும் தலைப்பாகையுமாக ஓவர்சியரே ஏறிப் படுத்தார். வண்டிக்காரரிடம், "கயித்தைத் தளர்த்திடு. நீ தூங்கற மாதிரியே இரு" என்றார். என்னைப் பின் விளக்கைக் கொக்கியில் மாட்டச் சொன்னார். வண்டிகள் இருநூறு அடி பின்னாலிருந்து வந்தன. முதல் வண்டி ரோலரை விட்டு ஒதுங்கிப் போனது. இரண்டாவதும் அதன் பின்னாலேயே ஒதுங்கிப் போனது. மாடுகள் என் விளக்கைத் தலை தூக்கியும் பார்க்கவில்லை.

வண்டிகளைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். ஓவர்சியர் வைக்கோலிலிருந்து தலையைத் தூக்கிச் சொன்னார்: "சரி. இப்ப நேத்து மாட்டின இடத்துல மாட்டு."

எங்கே மாட்டினாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை பொய் சொல்லியிருப்பேன். வாய் அதற்குத் தயாராகத்தான் இருந்தது. மாரப்பன் கால் ஒடிந்த மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்து அதற்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அது குடிக்கவில்லை. கொக்கி எனக்கு நேர் எதிரே இருந்தது. விளக்கு ஏற்கெனவே அதில்தான் தொங்கியது. நான் சும்மா நின்றாலே போதும், டிரைவர் ஆகிவிடலாம்.

விளக்கைக் கழற்றினேன். முழங்காலிட்டு ரோலருக்கு அடியில் நுழைந்து, பழைய கம்பியில் மாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

வண்டிகள் வந்தன. முதல் வண்டி ஒதுங்கியது. இரண்டாம் வண்டி மாடுகள் நாற்பது அடி தூரத்தில் அந்த விளக்கை விட்டு என் விளக்கைப் பிடித்துக்கொண்டன. நூல் பிடித்தது போல நேராக ஜல்லிக் குவியலுக்கு வந்தன. கடைசி நேரத்தில் நான் ஓடிப்போய் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்தினேன். ஓவர்சியர் தலைப்பாகையில் வைக்கோலோடு இறங்கி வந்தார்.

"காத்துக்குக் கண்ணாடி ஒடஞ்சிருமின்னு அடியில மாட்டிப் போட்டனுங்க ஐயா. விடியக்காத்தால அத எடுத்து மேல மாட்டினதும் நாந்தானுங்க" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். இருபத்தாறு வயதில், நாலு பேர் முன்னால்.

"ரிப்போர்ட்டைக் கிழிச்சுட்டு வேற எழுது" என்றார் அவர். நான் எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டு, "டிரைவர் வேலை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். பிறகு மாரப்பன் பக்கம் திரும்பி, "உங்க மேல குத்தம் எழுதல. வண்டி எப்படிப் போகுமோ அப்படித்தான் போயிருக்கு" என்றார்.

சவரிமுத்து அண்ணன் லீவு முடிந்து வந்ததும் நடந்ததைச் சொன்னேன். திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் கொக்கியைத் தொட்டுப் பார்த்தார். "அது ஏன் அங்க இருக்குன்னு எனக்கும் தெரியாதுப்பா. எனக்கு முந்தி இருந்தவர் அதுலதான் மாட்டினாரு, நானும் மாட்டினேன்" என்றார்.

இடது பக்கத்து மாடு மூன்றாம் நாள் செத்துப்போனது. மாரப்பன் மேல் குற்றம் இல்லை என்று எழுதியாகிவிட்டது, ஆனால் எழுதினதைக் கொண்டுபோய் நுகத்தில் பூட்ட முடியுமா? ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு ஜேடர்பாளையம் போனேன். அப்பா தொழுவத்தில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். மாடு ஒன்று வேண்டும் என்றேன்.

"இரும்பு எருமை ஓட்டறவனுக்கு மாடு எதுக்குடா?" என்றார்.

"என்ர தப்புங்கப்பா."

அப்பா தொழுவத்து மாடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எந்த மாட்டைக் கொடுப்பது என்று யோசிக்கிறார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

"போனது எடத்தனா, வலத்தனா?" என்று கேட்டார்.

"எடத்தனுங்க."

"நிக்கறது எவ்வளவு ஒசரம்? நடை எப்படி, வெரசா, மெதுவா?"

சொன்னேன். நான் எதிர்பார்த்தது தொழுவத்தின் மூலையில் நின்ற கிழட்டுச் செவலையை. அப்பா அவிழ்த்தது, தான் கன்றிலிருந்து வளர்த்துப் பழக்கிய இடத்து மயிலையை. "சோடி சேரோணுமில்ல" என்றார். என்னிடம் கயிற்றைக் கொடுக்கவும் இல்லை. ராசிபுரம் பக்கம் மாரப்பன் ஊர்வரை அவரே பிடித்துக்கொண்டு நடந்தார். வழியில் எஞ்சினைப் பற்றி ஏராளமாகக் கேள்வி கேட்டார். அந்த நடையில்தான் எனக்கும் அவருக்கும் இருந்த மனத்தாங்கல் தீர்ந்தது.

மாரப்பன் முதலில் வாங்க மறுத்தார். "தூங்குனவன் நானுங்க" என்றார்.

"தூங்காம யாரு வண்டி ஓட்றாங்க? புடிங்க கயித்த" என்றார் அப்பா.

ஆறு மாதம் கழித்து இலாகாவிலிருந்து ஒரு தாள் வந்தது. பின் விளக்கு ஆள் தலை உயரத்தில், ரோட்டுப் பக்கத்துத் தூணில் இருக்க வேண்டும். ஆடாமல் இருக்க அதைக் கீழேயும் ஒரு கொக்கியில் கட்ட வேண்டும். வண்டியின் அடியில் எக்காரணம் கொண்டும் மாட்டக் கூடாது. யார் பெயரும் அதில் இல்லை. எனக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் குறையாகவும் இருந்தது.

அடுத்த வருஷம் டிரைவர் ஆனேன். யுத்த காலத்தில் விளக்கை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. வானத்தில் வரும் விமானத்துக்குத் தெரியக் கூடாது, வண்டிக்காரனுக்குத் தெரிய வேண்டும். தகரத்தில் ஒரு தொப்பி செய்து விளக்குக்கு மேல் மாட்டினேன். வேதாசலம் ஐயாவுக்குத் தலை நரைத்திருந்தது. முதுகைக் காட்டி நூறு அடி நடந்து, திரும்பி, உட்கார்ந்து பார்த்து, "தெரியுது" என்றார். என் உத்தியோகத்தில் நான் வாங்கிய நற்சான்று அதுதான். எனக்கு அது போதும். நல்ல வேலை, நல்ல மனிதர்கள், ராத்திரியில் நிம்மதியான தூக்கம். வேறென்ன வேண்டும்?

இவ்வளவையும் எழுதிவிட்டு நேற்று அந்த டிரைவரிடம் போனேன். அவர் மறுபடியும் டீ சொன்னார்.

"தம்பி, அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்களே, யாரு போயி அடியில வெளக்கு மாட்டுவாங்கன்னு."

"ஆமாங்கய்யா."

"நாந்தான் மாட்டினேன்."

அவர் சிரிக்கப் போனார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நடந்ததை எல்லாம் சொன்னேன். டீ ஆறிப்போனது. முடித்ததும் அவர் என் டிரைவர் வேலை என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. விதியைப் பற்றியும் கேட்கவில்லை. அவரும் மாடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைதான்.

"ஏனுங்கய்யா, உங்கப்பா குடுத்த மாடு அந்த ஒத்த மாட்டோட சோடி சேந்துச்சுங்களா?" என்று கேட்டார்.

"சேந்துச்சு தம்பி. பதினோரு வருஷம் ஒரே நுகத்துல போச்சு" என்றேன்.